குடை விரியாத போர்க்களங்கள்

நம் புறத்திணை நூலார் போரை அதன் நிலைகளுக்கேற்ப வகுத்தனர். ஆநிரை கவர்தல் வெட்சி. மண் கருதி மேற்செல்லுதல் வஞ்சி. அரணை முற்றுதல் உழிஞை. அரண் காத்தல் நொச்சி. வானிலிருந்து குதித்துப் பகைவர் நடுவே இறங்கும் போருக்கு அங்கே திணை இல்லை. அது இருபதாம் நூற்றாண்டின் வரவு. ஆயினும் இந்திய வான்குடைப் படையின் வரலாற்றைப் படிக்குந்தோறும், வானிலிருந்து இறங்கவென்று உருவான அப்படை தன் பெயரைப் பெரிதும் நொச்சியிலேயே ஈட்டியது என்று எனக்குத் தோன்றும்.

1941 மே மாதம் ஜெர்மானிய வான்குடை வீரர்கள் கிரீட் தீவைக் கைப்பற்றினர். அதே ஆண்டு அக்டோபரில் தில்லியில் 50ஆவது பாராசூட் பிரிகேட் தோன்றிற்று. 151 பிரிட்டிஷ், 152 இந்திய, 153 கூர்க்கா எனப் பட்டாலியன்கள் மூன்று. 152இன் மருத்துவ அதிகாரி லெப்டினன்ட் ஏ.ஜி. ரங்கராஜ் என்னும் தமிழர். இந்தியருள் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்தவர்கள் என்று இவரையும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கையும் படை வரலாறு குறிக்கிறது.

முதற்பெருஞ்சோதனை 1944 மார்ச்சில் மணிப்பூரின் உக்ருல் மலைப்பகுதியில் நேர்ந்தது. கோகிமாவை நோக்கி வந்த ஜப்பானிய 31ஆவது டிவிஷனின் ஒரு பகுதியை, பிரிகேடியர் ஹோப் தாம்சனின் வீரர்கள் சங்ஷாக் என்னும் மலையூரில் எதிர்கொண்டனர். குடைகள் இல்லை; காலாட்படையாகவே நின்றனர். பாறை நிலமாதலால் பதுங்குகுழி ஆழமாகத் தோண்ட இயலவில்லை. முள்வேலி இல்லை. கொடியது தண்ணீர்ப் பஞ்சம். விமானங்கள் போட்ட பொருள்களில் பெரும்பகுதி பகைவர் பக்கம் விழுந்தது. சுருளி நீரும் பெரியாற்று நீரும் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு, நீரற்ற முகட்டில் பல நாள் முற்றுகையுட்பட்டு நிற்பது எளிதில் மனத்திற் படியாது. மார்ச் 26 இரவு, மேலிட ஆணைப்படி எஞ்சியோர் காடு வழியே வெளியேறினர். நூற்றுக்கணக்கானோரை இழந்தும் அவர்கள் வாங்கித் தந்த அந்தச் சில நாள்களில் இம்பாலும் கோகிமாவும் தம்மை வலுப்படுத்திக்கொண்டன.

தலைவருக்கோ புகழ் வாய்க்கவில்லை. உடலும் மனமும் நொந்த ஹோப் தாம்சன் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். பிரிகேடையும் சிலர் ஐயக்கண்ணுடன் நோக்கினர். தளபதி ஸ்லிம் பாராட்டாணை வெளியிட்டது அவ்வாண்டு ஆகஸ்டு இறுதியில்தான். தோல்வி போலத் தோன்றும் வெற்றியை அடையாளம் காண ஐந்து மாதம் வேண்டியிருந்தது!

1944இலேயே 44ஆவது இந்திய வான்வழி டிவிஷன் அமைந்தது. தலைவர் மேஜர் ஜெனரல் எரிக் டவுன். பிரிட்டனின் முதலாவது வான்வழி டிவிஷனை நடத்திய அனுபவம் மிக்கவர். எனினும் டிவிஷன் முழுமையாக எங்கும் குதிக்கவில்லை. 1945 மே 1 அன்று, ரங்கூன் ஆற்றுமுகத்தில் எலிபன்ட் பாயின்ட் என்னுமிடத்தில், கூர்க்காக்கள் நிறைந்த ஒரு கலப்புப் பட்டாலியன் மட்டுமே இறங்கிற்று. அங்கிருந்தது சிறு ஜப்பானியக் காவற்குழு. நேச நாட்டு விமானங்களின் குண்டுகளே இவர்களிற் சிலரைப் பலிகொண்டது போரின் குரூர முரண்.

பின்னர் இரண்டாவது வான்வழி டிவிஷன் எனப் பெயர் மாறிய அது, 1947இல் நாட்டோடு சேர்ந்து பிளவுண்டது. 50, 77 பிரிகேடுகள் இந்தியாவுக்கு; 14ஆவது பாகிஸ்தானுக்கு. 77ஆவதன் தலைவராயிருந்த பிரிகேடியர் முகமது உஸ்மான் இந்தியாவையே தேர்ந்தார். காஷ்மீரில் ஜாங்கர் வீழ்ந்த அந்த டிசம்பரில் 50ஆவது பிரிகேடின் பொறுப்பு அவரிடம் வந்தது. அதை மீட்கும்வரை கட்டிலில் துயில்வதில்லை எனச் சூளுரைத்தார் என்பர். 1948 பிப்ரவரி 6 அன்று நவ்ஷேராவைக் காத்தார். மார்ச்சில் ஜாங்கரை மீட்டார். ஜூலை 3 அன்று அதே ஜாங்கரில் பீரங்கிக் குண்டுக்கு இரையானார். மகாவீர் சக்கரம் இறந்த பின் வந்தது. மதத்தின் பெயரால் படையே பகுக்கப்பட்ட காலத்தில் அவர் நின்ற இடம் எது என்பதை இன்றைய மாணவர்க்கு நாம் சொல்லியாக வேண்டும்.

இனி ரங்கராஜ். 1950இல் 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைமையேற்றுக் கொரியா சென்றார். பியோங்யாங்கை விட்டுப் பின்வாங்க நேர்ந்தபோது, மருத்துவக் கருவிகளைக் கைவிட மனமின்றி ஒரு பழைய ரயில் எஞ்சினைத் தேடிப்பிடித்து, தம் ஆட்களே அதை ஓட்ட, எல்லாவற்றையும் ஆற்றுக்கு இப்பால் கொண்டுவந்து சேர்த்தார். 1951 மார்ச் 23 அன்று முன்சானில் அமெரிக்க வான்குடை வீரருடன் சிறு மருத்துவக் குழுவோடு குதித்தார். இவருக்கும் மகாவீர் சக்கரம் கிட்டியது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். புண்பட்டுக் கிடப்பவனைப் பேணிக் காக்கும் காட்சியும் புறநானூற்றில் உண்டு. கொல்வது மட்டுமே வீரமென்று சங்கப் புலவர் கருதவில்லை.

தேனி மாவட்டத்துச் சாலைகளில் விடியுமுன் ராணுவத் தேர்வுக்காக ஓடிப் பயிலும் இளைஞரைக் காண்கிறேன். வானிலிருந்து குதிக்கும் வீரன் அவர்கள் கனவில் இருக்கக்கூடும். 1971 டிசம்பர் 11 அன்று டங்காயிலில் 2ஆவது பாராசூட் பட்டாலியன் இறங்கியது அக்கனவுக்கு உரிய நிகழ்ச்சியே. ஆனால் குதிப்பது சில நொடி. இறங்கிய மண்ணில் நிற்பதும், அடிபட்டவனை விட்டுவராமலிருப்பதுமே தலைமை. சங்ஷாக்கும் உஸ்மானும் ரங்கராஜும் உணர்த்துவது அதுவே என்பது என் துணிபு.