தியேகோ சிமியோனேயும் அட்லெட்டிக்கோ மாட்ரிட்டின் தற்காப்பு ஆட்டமும்

தியேகோ சிமியோனே (பிறப்பு: 28 ஏப்ரல் 1970, புவெனஸ் ஐரிஸ்) அர்ஜென்டினா நாட்டுக் கால்பந்து பயிற்சியாளர், அந்நாட்டு அணியின் முன்னாள் நடுக்கள ஆட்டக்காரர். ‘சோலோ’ என்பது அவருடைய பட்டப்பெயர். 2011 டிசம்பர் 23 அன்று ஸ்பெயினின் அட்லெட்டிக்கோ மாட்ரிட் கழகத்தின் பயிற்சிப் பொறுப்பை ஏற்றார். பணபலத்தில் தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ரியால் மாட்ரிட், பார்சலோனா என்ற இரண்டு கழகங்களுக்கு இடையே நின்று, கோல் கொடுக்காத ஆட்டத்தாலேயே பட்டம் வெல்லும் அணியாக அதை மாற்றினார். இருபத்தோராம் நூற்றாண்டுக் கால்பந்தில் ஓர் அணியின் குணமும் அதன் தற்காப்பும் ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வளர்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பொறுப்பேற்றபோது இருந்த நிலை

1903இல் தொடங்கப்பட்ட அட்லெட்டிக்கோவுக்கு ‘துரதிர்ஷ்டக்கார அணி’ என்ற பெயர் நெடுநாளாக ஒட்டிக்கொண்டிருந்தது. 1974 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடத்தில் பயர்ன் மியூனிக்கிடம் கோல் வாங்கி, மறு ஆட்டத்தில் 0-4 எனத் தோற்றதிலிருந்து வந்த பெயர் அது. 1996இல் ஸ்பெயின் லீகையும் அந்நாட்டுக் கோப்பையான கோபா டெல் ரேயையும் ஒருசேர வென்றது. நான்கே ஆண்டுகளில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2010இல் யூரோப்பா லீக் கிடைத்தும் நிலைமை நிலைக்கவில்லை. 2011 கோடையில் முக்கிய வீரர்களான அகுவேரோ, டே ஹேயா, ஃபோர்லான் மூவரும் விற்கப்பட்டார்கள். அந்த டிசம்பரில் அணி லீகில் பத்தாம் இடத்தில் கிடந்தது. மூன்றாம் நிலைப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்த அல்பசேத்தேயிடம் தோற்று கோபா டெல் ரேயிலிருந்து வெளியேறியதும் பயிற்சியாளர் கிரெகோரியோ மன்சானோ நீக்கப்பட்டார்.

சிமியோனே அந்த வீட்டுக்குப் புதியவர் அல்லர். 1996இல் இரட்டைப் பட்டம் வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடியவர். பயிற்சியாளராக எஸ்துதியாந்தெஸ், ரிவர் பிளேட் ஆகிய அணிகளுக்கு அர்ஜென்டினா லீக் பட்டம் பெற்றுத் தந்திருந்தார். இத்தாலியின் கத்தானியா அணி முதல் பிரிவிலிருந்து இறங்காமல் காப்பாற்றியிருந்தார். ஆனால் ரசிகர்கள் அவரை உடனே ஏற்றுக்கொண்டது இந்தச் சாதனைகளுக்காக அல்ல, 1996இன் நினைவுக்காக. அந்த நினைவையே அவர் தன் முதல் மூலதனமாக்கினார். கழகம் பிறரைப் போல ஆட முயன்று தோற்பதைவிட, தன் இயல்பான போர்க்குணத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தொடக்கத்திலேயே வீரர்களிடம் வற்புறுத்தினார்.

அணியின் குணம்

‘உழைப்பில் பேரமில்லை’, ‘ஒவ்வொரு ஆட்டமாக’ என்ற இரண்டு தொடர்கள் அவர் காலத்து அட்லெட்டிக்கோவின் தாரக மந்திரங்களாயின. இரண்டாவது தொடரை 2013–14 பருவம் முழுவதும், பட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். பட்டக் கனவின் பாரம் வீரர்களின் தோளில் ஏறாமல் காத்தது அந்தப் பிடிவாதம்.

சொல்லுக்கு உடல் கொடுத்தவர் உருகுவேக்காரரான உடற்பயிற்சியாளர் ஆஸ்கர் ஓர்தேகா. பருவம் தொடங்குமுன் செகோவியா மாகாணத்தின் லோஸ் ஆங்கெலெஸ் தே சான் ரஃபேலில் அணி முகாமிடும். அங்குள்ள கோல்ஃப் மைதானத்தின் மேட்டுச் சரிவுகளில் வீரர்களை அவர் ஓடவைப்பது ஸ்பெயின் பத்திரிகைகளுக்கு ஆண்டுதோறும் செய்தி. விலை உயர்ந்த முன்கள வீரரும் அகாதமியிலிருந்து வந்த பதினெட்டு வயதுப் பையனும் அதே மேட்டில் மூச்சிரைக்கிறார்கள். தடுப்பாட்டத்துக்கு வேண்டிய நுரையீரல் அங்கே தயாராகிறது என்பது உண்மைதான். ஆனால் அதைவிடப் பெரிய பலன், யாருக்கும் சலுகை இல்லை என்பதை எல்லோரும் கண்ணால் பார்ப்பது.

தலைமையையும் அவர் வெளியில் தேடவில்லை. கழகத்தின் இளைஞர் அணியில் வளர்ந்த காபிதான் கேப்டன். பின்னாளில் அந்தப் பட்டை அதே வழியில் வந்த கோக்கேயிடம் போனது. நட்சத்திரம் என்று சொல்ல முடியாத காபி களத்தில் பயிற்சியாளரின் குரலாக இருந்தார். வெளியிலிருந்து வந்த முன்கள வீரர்களுக்கும் இதே விதிதான். 2014இல் வந்த ஆன்ட்வான் கிரீஸ்மானுக்குத் தொடக்க மாதங்களில் அடிக்கடி பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. பின்வாங்கி ஓடவும் பந்தைப் பறிக்கவும் கற்ற பிறகே நிரந்தர இடம் கிடைத்தது. அதே கிரீஸ்மான் 2024 ஜனவரியில் லூயிஸ் அரகோனேஸைத் தாண்டி, கழக வரலாற்றில் அதிக கோல் அடித்தவரானார். மாறாக, 2019இல் கழகம் அதுவரை கொடுத்திராத 12.6 கோடி யூரோவுக்கு வாங்கிய ஜொவாவ் ஃபெலிக்ஸ் இந்த முறைக்குள் கடைசிவரை பொருந்தவில்லை. அவருடைய திறமையில் குறையில்லை. இந்த அணி கேட்டது வேறொன்று.

தற்காப்பு இயங்கிய விதம்

சிமியோனேயின் முதல் பெரிய அணி 4-4-2 அமைப்பில் ஆடியது. தடுப்பு வரிசையில் குவான்ஃப்ரான், மிராந்தா, தியேகோ கொதின், ஃபிலிப்பே லூயிஸ். கோலில் கூர்த்துவா, பிறகு ஒப்லாக். முன்களத்தில் தியேகோ கோஸ்தாவுக்குத் துணையாக தாவித் வியா.

இரண்டு நால்வர் வரிசைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் இந்த முறையின் உயிர். அது எப்போதும் சில மீட்டருக்குள் இருக்கும். அகலவாட்டிலும் எட்டுப் பேரும் நெருங்கி நின்று, மைதானத்தின் நடுப்பகுதியை அடைத்துவிடுவார்கள். முன்கள வீரர் இருவரும் எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் துரத்துவதை விட்டு, பந்தை வழங்கும் நடு ஆட்டக்காரருக்கு முன்னால் நின்று அவரை மறைப்பார்கள். நடுவில் வழியில்லாததால் பந்து ஓரத்துக்குப் போகும். போனதும் பொறி மூடும்: பக்கவாட்டு நடுக்கள வீரர், பக்கத் தடுப்பாளர், அருகிலிருக்கும் நடு ஆட்டக்காரர் மூவரும் ஒரே நேரத்தில் பாய்வார்கள், எல்லைக்கோடு நான்காவது ஆளாக உதவும். தப்பித்து உள்ளே அனுப்பப்படும் உயரப் பந்துகளை மிராந்தாவும் கொதினும் தலையால் துரத்துவார்கள். பறித்த பந்து இரண்டு மூன்று உதைகளில் கோஸ்தாவிடம் சேரும். 2013–14 லீகில் அவர் அடித்தது 27 கோல்கள்.

முரட்டுத்தனம்தான் இந்த அணியின் பலம் என்று சொல்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். ஒருவர் இரண்டு மீட்டர் தாமதமாக நகர்ந்தாலும் சங்கிலி அறுந்துவிடும். ஆகவே இங்கே கடினம் என்பது காலை வாருவதன்று, தொண்ணூறு நிமிடமும் கவனம் சிதறாமல் இருப்பது. 2013–14இல் பார்சலோனாவும் அட்லெட்டிக்கோவும் ஸ்பெயின் சூப்பர் கோப்பை, லீக், சாம்பியன்ஸ் லீக் மூன்றிலுமாக ஆறு முறை மோதின. பார்சலோனா ஒன்றில்கூட வெல்லவில்லை. ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து அது அடித்தது மூன்றே கோல். மெஸ்ஸி ஒன்றும் அடிக்கவில்லை.

ஆறாவது மோதல் லீகின் கடைசி நாளில், 2014 மே 17 அன்று, பார்சலோனாவின் கேம்ப் நோவில் நடந்தது. சமன் செய்தால் அட்லெட்டிக்கோவுக்குப் பட்டம், வென்றால் பார்சலோனாவுக்கு. முதல் 23 நிமிடங்களுக்குள் கோஸ்தாவும் நடுக்கள வீரர் அர்தா துரானும் காயத்தால் வெளியேறினார்கள். சற்று நேரத்தில் பார்சலோனாவின் அலெக்சிஸ் சான்செஸ் கோல் அடித்தார். அணி தன் வடிவத்தைக் கலைக்கவில்லை. 49ஆவது நிமிடத்தில் காபியின் கார்னர் கிக்கைக் கொதின் தலையால் முட்டி 1-1 ஆக்கினார். அதன்பின் நாற்பது நிமிடத்துக்கு மேல் வழிவிடவில்லை. 90 புள்ளிகள், 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 26, பதினெட்டு ஆண்டுக்குப் பின் லீக் பட்டம். பார்சலோனா ரசிகர்களே எழுந்து நின்று கைதட்டினார்கள். தொலைக்காட்சி உரிமையை ஸ்பெயினில் ஒவ்வொரு கழகமும் தனித்தனியே விற்ற காலம் அது. ரியாலும் பார்சலோனாவும் ஒவ்வொன்றும் அட்லெட்டிக்கோவைப்போல மும்மடங்கு பெற்றன. அதை நினைத்தால் இந்தப் பட்டத்தின் எடை இன்னும் கூடுகிறது.

2015–16இல் தற்காப்பு உச்சத்தைத் தொட்டது. 38 லீக் ஆட்டங்களில் 18 கோல்களே விழுந்தன. 1993–94இல் தெப்போர்த்திவோ லா கொருன்யா படைத்த சாதனைக்குச் சமம். ஒப்லாக் 2016 முதல் 2019 வரை தொடர்ந்து நான்கு முறை சிறந்த கோல்கீப்பருக்கான சமோரா விருதைப் பெற்றார்.

விமர்சனமும் மாற்றமும்

இந்த அணியின் மீது சொல்லப்படும் குறைகள் அனைத்தும் பொறாமையில் பிறந்தவை அல்ல. நான்காவது நடுவரைத் தலையில் தட்டியது உள்ளிட்ட செயல்களுக்காக 2014 ஸ்பெயின் சூப்பர் கோப்பையில் சிமியோனேவுக்கு எட்டு ஆட்டத் தடை விழுந்தது. 2016இல் மலாகாவுடனான ஆட்டத்தின் நடுவே பெஞ்சுப் பக்கமிருந்து இன்னொரு பந்து களத்துக்குள் வீசப்பட்டதற்கும் அவரே தண்டனை பெற்றார். 2022 ஏப்ரலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 0-1 எனத் தோற்ற ஆட்டத்தில் அட்லெட்டிக்கோ ஒரு முறைகூட கோலை நோக்கி உதைக்கவில்லை. அன்று தற்காப்பு, வெற்றிக்கான வழி என்ற நிலையிலிருந்து இறங்கித் தோல்வியைச் சிறிதாக்கும் வழியாகிவிட்டது.

அமைப்பு இறுகிப் போனதல்ல. 2020–21இல் சிமியோனே மூன்று நடுத் தடுப்பாளர்களை வைத்து ஆடினார்; தற்காப்பு நடுக்கள வீரராக வந்த மார்கோஸ் யொரெந்தேயை முன்னே தள்ளி 12 லீக் கோல்கள் பெற்றார்; பார்சலோனா வேண்டாமென அனுப்பிய லூயிஸ் சுவாரெஸ் 21 கோல் அடித்தார். 86 புள்ளிகளுடன் லீக் மீண்டும் வந்தது.

அடுத்த பருவத்தில் அணி 43 கோல் வாங்கியது. வேர் பழையது: காபி 2018இல் போனார், கொதின், குவான்ஃப்ரான், ஃபிலிப்பே லூயிஸ் மூவரும் 2019 கோடையில் ஒன்றாக விடைபெற்றார்கள். புதியவர்களுக்குக் களத்திலேயே பாடம் சொல்லித் தந்த தலைமுறை அது. ஒப்லாக் இருந்தும், அமைப்பு இருந்தும், அவர்களின் இடம் நிரம்பவில்லை. சிமியோனே கட்டியது வரைபடத்தை அல்ல, அதைக் கைமாற்றித் தரும் மனிதர்களை என்பது அவர்கள் போன பிறகே முழுதாக விளங்கியது.

சிமியோனேயின் காலத்தில் அட்லெட்டிக்கோ வென்ற பட்டங்கள் இவை: லீக் பட்டம் 2014, 2021. யூரோப்பா லீக் 2012, 2018. ஐரோப்பிய சூப்பர் கோப்பை 2012, 2018. ரியாலை அதன் சொந்த பெர்னபெயூவில் 2-1 என வென்று பெற்ற கோபா டெல் ரே 2013. ஸ்பெயின் சூப்பர் கோப்பை 2014. 2014இல் லிஸ்பனிலும் 2016இல் மிலானிலும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை அவர் அணி எட்டியது. இரண்டு முறையும் ரியால் மாட்ரிட்டே வென்றது, முதல்முறை கூடுதல் நேரத்தில், அடுத்தமுறை பெனால்டியில்.