போர்க்கால அரசியல் ஆவணப்படம்

போர் நடக்கும்போதே அதைப் பற்றி அரசோ இயக்கமோ தனிக் கலைஞரோ அரசியல் நோக்கத்துடன் எடுக்கும் படம். முதல் உலகப் போரின்போது, 1916 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான ‘சோம் சண்டை’ இதற்கு வழி திறந்தது. முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் அதைப் பார்த்தார்கள். வீரர்கள் பதுங்குகுழியிலிருந்து ஏறிப் பாயும் புகழ்பெற்ற காட்சி நடிக்கவைத்து எடுத்தது. காயம்பட்டவர்களும் பிணங்களும் உண்மை.

ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் டச்சு இயக்குநர் யோரிஸ் இவென்ஸ் குடியரசின் பக்கம் நின்று ‘ஸ்பானிய மண்’ (1937) எடுத்தார். அடுத்த ஆண்டு, ஜப்பானின் படையெடுப்பை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த சீனாவுக்குச் சென்றவர், தம் கேமரா ஒன்றை அங்கிருந்த கம்யூனிஸ்டுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்களின் தளமான யெனானின் முதல் படங்கள் அதில் பிறந்தன.

அதே சீன–ஜப்பானியப் போரை எதிர்ப்பக்கத்திலிருந்து படமாக்கியவர் ஜப்பானியரான கமெய் ஃபூமியோ (1908–1987). சோவியத் நாட்டில் திரைக்கலை பயின்ற அவரை, வூஹான் படையெடுப்பைப் பதிவுசெய்ய ராணுவத்தின் ஆதரவோடு தோஹோ நிறுவனம் அனுப்பியது. ‘போரிடும் சிப்பாய்கள்’ (1939) படத்தில் வெற்றி முழக்கம் இல்லை. விவரித்துச் சொல்லும் குரலும் இல்லை. வீடிழந்த சீன முதியவர், அலுத்துக் கிடக்கும் சிப்பாய்கள், சாலையில் தனியே நின்று மெல்லச் சரிந்து சாகும் குதிரை. படையெடுத்த ராணுவத்தின் ஆதரவோடே படையெடுப்பின் துயரத்தைச் சொன்ன அரிய படம் இது. படம் திரைக்கு வரவில்லை. 1941இல் கமெய் சிறைப்பட்டார். இயக்குநர் உரிமத்தையும் இழந்தார். தொலைந்ததாகக் கருதப்பட்ட பிரதி 1975இல் கிடைத்தது.

போர் முடிந்தபின் அவர் எடுத்த ‘ஜப்பானின் துயரம்’ (1946) படத்தில் ராணுவச் சீருடையில் நிற்கும் பேரரசர் ஹிரோஹித்தோ, கண்ணெதிரே கோட்டும் டையும் அணிந்தவராக உருமாறுவார். பேரரசரின் போர்ப்பொறுப்பைக் கேட்ட அந்தப் படத்தைத் தடுத்தது அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம்.

இந்தியாவில் 1943இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியா, போர்ப் பிரச்சாரப் படங்களைத் தமிழிலும் தந்தது. திரையரங்குகள் அரசு ஏற்ற படங்களைக் கட்டாயம் ஓட்ட வேண்டியிருந்தது.

அமெரிக்க ராணுவத்துக்காக ஃபிராங்க் காப்ரா ‘ஏன் போரிடுகிறோம்’ வரிசையில் ஏழு படங்கள் எடுத்தார். நாஜிகளின் பிரச்சாரப் படக் காட்சிகளையே வெட்டியெடுத்து அவர்களுக்கு எதிராகத் திருப்பினார். அதே ராணுவத்துக்காக ஜான் ஹூஸ்டன் எடுத்த ‘ஒளி உண்டாகட்டும்’ (1946), போரில் மனம் சிதைந்து நடுங்கும், பேச முடியாமல் திணறும் வீரர்களை மருத்துவமனையில் வைத்துக் காட்டியது. நோயாளிகளின் அந்தரங்கத்தைக் காரணம் சொல்லி ராணுவம் அதைப் பூட்டி வைத்தது. வீரனைப் பற்றிய கட்டுக்கதை கலையும் என்ற அச்சமே காரணம் என்றார் ஹூஸ்டன். பொதுமக்கள் அதைப் பார்க்க அனுமதி கிடைத்தது 1980இல்தான்.