மேலாளர் நம்பிச் சொன்ன செய்தியும் அமானிதமே

ஊத்துக்கோட்டையிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை சிப்காட் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். சூப்பர்வைசர், கணக்கு, ஸ்டோர் போன்ற பொறுப்புகளுக்கு வந்ததும் மேலாளர் சில செய்திகளை நம்பிச் சொல்வார். டெண்டரில் குறித்த விலை, யாருக்குச் சம்பள உயர்வு, யாருடைய கான்ட்ராக்ட் அடுத்த மாதத்தோடு முடிகிறது என்பன அவற்றில் சில. பணமும் பொருளும் அமானிதம் என்று நாம் அறிவோம். இச்செய்திகளும் அப்படித்தான்.

'யாரிடமும் சொல்லாதே' என்று சொன்னால்தான் ரகசியமா?

இல்லை. ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் நபிமொழி ஒன்று அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. மேலாளர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் அதுவே போதும்.

வீட்டிலும் சொல்லக் கூடாதா?

அனஸ் (ரலி) சிறு வயதிலேயே நபி (ஸல்) அவர்களின் பணியாளராகச் சேர்ந்து பத்து ஆண்டுகள் பணி செய்தவர். ஒருநாள் நபியவர்கள் அவரை ஒரு வேலையாக அனுப்பினார்கள். தாமதமாக வீடு திரும்பியவரிடம் தாயார் உம்மு ஸுலைம் (ரலி) காரணம் கேட்டபோது, அது ரகசியம் என்றார். தாயார் கோபப்படவில்லை, யாரிடமும் அதைச் சொல்லிவிடாதே என்றார்கள். பிற்காலத்தில் தம் அன்பு மாணவர் ஸாபித்திடமும் அனஸ் அதைச் சொல்லவில்லை. ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. ரகசியத்தைக் காத்தவர் மகன். அதற்குத் துணை நின்றவர் தாய்.

நண்பரிடம் ஒரு போன் பேச்சு

2008 செப்டம்பர் 23 அன்று கோல்ட்மேன் சாக்ஸ் வங்கியின் இயக்குநர் ரஜத் குப்தா, வாரன் பஃபெட் அந்த வங்கியில் முதலீடு செய்யும் செய்தியை, கொழும்பில் பிறந்த தமிழரான ராஜ் ராஜரத்தினத்திடம் போனில் சொல்லிவிட்டார். அவர் உடனே அந்தப் பங்குகளை வாங்கினார். 2012இல் குப்தாவுக்கு இரண்டு ஆண்டு சிறையும் 50 லட்சம் டாலர் அபராதமும் கிடைத்தன.

மச்சானின் வேலை போகிறது என்று தெரிந்தால்?

இதுதான் கடினமான இடம். அவர் பைக் லோன் போடப் போகிறார். நமக்கோ விஷயம் தெரியும். மச்சானிடம் போவதற்கு முன் மேலாளரிடம் போவோம். பாதிக்கப்படுகிறவர்களுக்குச் சீக்கிரம் சொல்லிவிடும்படி கேட்போம். மச்சான் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம்; 'கம்பெனி விஷயம் நான் பேசுவதில்லை' என்றால் போதும். ஆனால் நல்ல செய்தியை மட்டும் சொல்லிவந்தால், நம் மௌனமே கெட்ட செய்தியைக் காட்டிக் கொடுத்துவிடும். எப்போதும் பேசாதவரின் மௌனத்துக்கு யாரும் அர்த்தம் தேட மாட்டார்கள்.

எது ரகசியம் ஆகாது?

உயிருக்கு ஆபத்தும் பிறர் உரிமையைப் பறிப்பதும். வாயு கசிகிறது, பி.எஃப். பிடித்தும் கட்டவில்லை என்றால் மறைப்பதுதான் மோசடி. 1984 போபால் விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டு, வேலையிடத்து அபாயங்களைத் தொழிலாளருக்குத் தெரிவிப்பது கடமையாக்கப்பட்டது. முதலில் மேலாளரிடமே சொல்ல வேண்டும்; பலனில்லாவிட்டால் உரிய அரசு அலுவலகத்தில் புகார் தர வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடுவது தீர்வல்ல.

வேலை முடிந்து வரும் பிள்ளையிடம் 'கம்பெனியில் என்ன விசேஷம்?' என்று கேட்கலாம். அவன் தயங்கினால் அதற்குமேல் துருவ வேண்டாம். உம்மு ஸுலைம் (ரலி) செய்ததும் அதுவே.