சாண்டோ என்றால் பனியன்தானா?

"சாண்டோ என்றால் பனியன்தானே ஐயா?" என்று ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். கையில்லாப் பனியனுக்கு நம் வீடுகளில் வழங்கும் பெயர் அதுதான், அவன்மேல் பிழையில்லை.

யூஜின் சாண்டோ என்னும் ஜெர்மானியப் பலசாலியின் பெயர் அது. 1905இல் அவர் இந்தியாவிற்கு வந்து சென்றபின், உடற்பயிற்சியில் தேர்ந்தோர் சிலர் அப்பெயரைச் சூடிக்கொண்டனர். புதுக்கோட்டை நாகலிங்கம் 'ராஜா சாண்டோ' ஆனது அவ்வாறே. 1920களில் பம்பாயில், உடல்வலிமையையே முதலாகக் கொண்டு மௌனப் பட நடிகரானார். பேச்சில்லாத காலமாதலால், வடநாட்டில் ஒரு தமிழர் கதாநாயகனாவதற்கு மொழி தடையாக இருக்கவில்லை! படம் இயக்கவும் அங்கேயே கற்றார்.

1930 வாக்கில் சென்னை திரும்பி, வை. மு. கோதைநாயகி அம்மாளின் நாவலான 'அநாதைப் பெண்' முதலியவற்றை மௌனப் படங்களாக இயக்கினார். புராணமே திரையை ஆண்ட நாளில் சமூகக் கதையைத் தேர்ந்த அத்துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். 1935இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்த 'மேனகா'வைப் பேசும் படமாக்கினார்; கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் திரைக்கு வந்தது அதில்தான். 1939இல் பாகவதரின் 'திருநீலகண்டர்'. 1943இல் மறைந்தார்.

தமிழக அரசு அவர் பெயரால் விருது வழங்கியது. படங்களையோ காப்பாற்றுவார் இல்லை. தென்னிந்திய மௌனப் படங்களுள் 'மார்த்தாண்ட வர்மா' போல மிகச் சிலவே எஞ்சின. ஆகவே வகுப்பில் ஒரு புகைப்படத்தை மட்டும் காட்டினேன்.

"நல்ல உடம்பு ஐயா," என்றான், பனியனைப் பற்றிக் கேட்டவன்.