வெட்டுக்கு முன்னும் வெட்டுக்குப் பின்னும்: கரும்பு விவசாயியின் சித்தத்தைப் பற்றிய ஒரு விசாரணை

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்துள்ள வேங்கிக்காலில், குறைதீர்வு நாட்களில் மனுவோடு வந்து நிற்கும் விவசாயிகளுள் சிலர் படிவத்தைப் பிழைபட நிரப்புவதையும், கடைசித் தேதி கடந்த பின்னர் வந்து தவிப்பதையும் காண்போர், இவர்களுக்கு விவேகம் போதாதென்றும், அப்போதாமையே இவர்களுடைய வறுமைக்குக் காரணமென்றும் அபிப்பிராயம் கொள்வது வழக்கமாக இருந்துவருகிறது. இவ்வபிப்பிராயம் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைக்கிறது என்பதற்கு இப்பகுதிக் கரும்புத் தோட்டங்களிலிருந்தே பிரமாணம் கிடைத்திருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நால்வரும் 2013 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் வெளியிட்ட கட்டுரையின் முக்கியமான பகுதி, விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளைப் பரிசோதித்து எழுதப்பட்டதாகும்.

அதன் தாத்பரியத்தை உணர்வதற்கு, அறிதல்சார் மனோதத்துவம் ஞாபகத்தை எவ்வாறு வகுக்கிறது என்பதைச் சிறிது அறிந்திருக்க வேண்டும். நெடுநாள் நிலைத்து நிற்கும் ஞாபகம் வேறு. இந்தக் கணத்தில் ஒன்றைக் கையாளும்பொருட்டு மனம் ஏந்தி நிற்கும் செயல்நிலை ஞாபகம் வேறு. பின்னதன் எல்லை மிகக் குறுகியது என்பதை 1956 இல் ஜார்ஜ் மில்லர் எடுத்துக்காட்டினார். அதன் உள்ளமைப்பைப் பாட்லியும் ஹிட்சும் 1974 இல் விவரித்தனர். கவனம் என்பது அளவுபட்ட ஒரு சக்தி, ஒரு காரியத்திற்குச் செலவானது மற்றொன்றுக்குக் கிட்டாது என்பது டேனியல் கானமன் 1973 இல் எழுதிய நூலின் மையக் கருத்து. எந்த வருஷம் எந்தக் கழனியில் கரணை நட்டான், மறுதாம்பு எத்தனை முறை விட்டான் என்பவற்றையெல்லாம் தடையின்றிச் சொல்லக்கூடிய விவசாயி, நேற்றுக் கேட்ட தேதியை மறக்கிறான் என்றால், குறைந்திருப்பது அவனுடைய அறிவன்று. அவ்வறிவைப் பயன்படுத்துவதற்கு வேண்டிய இடத்தை வேறொன்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதே பொருந்தும்.

அந்த வேறொன்று வறுமையால் வரும் பணக் கவலையே என்று நால்வரும் அனுமானித்தனர். கரும்பு விவசாயிக்கு வருமானம் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை, வெட்டு முடிந்த பின்னரே கைக்கு வருகிறது. ஆலையோ தன் அரவைத் திறனுக்கு ஏற்ப வெட்டு உத்தரவுகளைப் பல மாதங்களுக்குப் பரப்பி வழங்குவதால், ஒரே மாதத்தில் ஒருவன் பணம் பெற்றவனாகவும் அவன் அண்டைக்காரன் இன்னும் காத்திருப்பவனாகவும் இருப்பது சகஜம். ஆகவே பருவகால வேறுபாட்டைத் தனியே பிரித்தறியும் வாய்ப்பு ஆராய்ச்சியாளருக்கு இயல்பாகவே அமைந்தது. வெட்டுக்கு முன் 78 சதவீதத்தினர் பொருளை அடகு வைத்திருந்தனர். பின்னர் 4 சதவீதத்தினரே. கடன் இருந்தோர் 99 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தனர்.

பரிசோதனைகள் இரண்டு. ஒன்று, விடுபட்ட கட்டத்திற்குரிய உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் ரேவன் சோதனை; இதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. மற்றொன்றில், அட்டையில் '5 5 5' என்றிருந்தால் 'மூன்று' என்று விரைந்து விடை கூறவேண்டும். கண் ஐந்தைக் கண்டதும் நாவும் ஐந்தென்றே சொல்ல எழும். அதை அடக்கி, எத்தனை என்பதை எண்ணிச் சொல்லும் நிதானம் எவ்வளவு இருக்கிறதென்பதே அங்கே அளக்கப்படுகிறது. அதே விவசாயிகள் ரேவன் சோதனையில் வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 விடைகளையும், வெட்டுக்குப் பின் 5.45 விடைகளையும் சரியாகக் கூறினர். எண் சோதனைக்கு எடுத்துக்கொண்ட நேரம் 146 விநாடியிலிருந்து 131 ஆகவும், பிழைகள் 5.93 இலிருந்து 5.16 ஆகவும் குறைந்தன. ஒரு மனிதனை மற்றொருவனோடு ஒப்பிடாமல் அவனையே அவனோடு ஒப்பிட்டதில்தான் இவ்வாராய்ச்சியின் சிறப்பு இருக்கிறதென்பது என் எண்ணம். குலம், கல்வி, பிறவிக் கூர்மை எதுவும் நான்கைந்து மாதங்களில் மாறிவிடுவதில்லை.

பசியும் உடலுழைப்பும் காரணமாகாவோ, இரண்டாம் முறை எழுதியதால் வந்த பழக்கம் உதவியிராதோ என்னும் ஆட்சேபங்களை அவர்களே எடுத்துக்கொண்டு ஆராய்ந்திருக்கின்றனர். வெட்டுக்குப் பின்னரே முதன்முறையாகச் சோதிக்கப்பட்டோரும் மேம்பட்டே நின்றனர். இதனினும் வலிய ஆட்சேபம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் குறைந்த வருவாயினரைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வாலோ, மையர், வாங் என்போர், சிந்தனையாற்றலில் வேறுபாடு காணவில்லையென்று 2016 இல் எழுதினர். இதைப் புறக்கணித்தல் நேர்மையன்று. ஆயினும் சில நாட்களில் வந்துவிடும் என்று நிச்சயமாகத் தெரிந்த சம்பளத்திற்குக் காத்திருப்பதும், அடகுச் சீட்டோடு மாதக்கணக்கில் வெட்டு உத்தரவை எதிர்பார்த்திருப்பதும் ஒரே நிலையல்ல. முதலாவதில் வேறுபாடு தோன்றாமை இரண்டாவதைப் பொய்ப்பிக்காது என்றே கொள்ளுகிறேன்.

இவ்வாராய்ச்சியின் முடிவை ஏற்போமாயின், கரும்புப் பணத்தின் தாமதத்தை நாம் கணக்கிடும் முறையே மாறவேண்டும். கரும்பை ஒப்படைத்த 14 நாட்களுக்குள் விலையைத் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்க்கவேண்டும் என்பது 1966 ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. அவ்வட்டி நிலுவைத் தொகைக்கு ஈடாகலாம்; நிலுவையில் நின்ற மாதங்களில் மகனுடைய படிப்பைப் பற்றியும், அடுத்த நடவைப் பற்றியும், வட்டிக்காரனிடம் போட்ட கையெழுத்தைப் பற்றியும் குறைந்த நிதானத்தோடு அவன் செய்த தீர்மானங்களுக்கு ஈடாகாது. ஆகவே, வேங்கிக்கால் அலுவலகத்தின் அதிகாரிகளை வேண்டிக்கொள்வது இதுவே: கரும்பு விவசாயிகளுக்குரிய விண்ணப்பங்களின் கடைசித் தேதியை வெட்டுக்கு முந்திய மாதங்களில் வைக்காதீர்கள், படிவங்களைச் சுருக்குங்கள், பதினான்கு நாள் கெடுவைத் தவறாமல் நடைமுறைப்படுத்துங்கள்.