லூஸ் மோஷனா? மெட்ரோனிடசோல் எதைக் கொல்லும், எதைக் கொல்லாது?

பிஜி சாப்பாடு, டேங்கர் தண்ணீர், பத்து மணிக்கு மீட்டிங். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் உங்களுக்கு வயிறு கலக்கும் காலைப்பொழுது புதிதாக இருக்காது. மெடிக்கல் ஷாப்பில் "லூஸ் மோஷனுக்கு ஏதாவது குடுங்க" என்றால் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் வரும், இல்லையென்றால் ஓஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் சேர்ந்த மாத்திரை.

மெட்ரோனிடசோல் 1950-களின் கடைசியில் பிரான்சின் ரோன்-பூலங்க் நிறுவனத்திலிருந்து வந்தது. ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணிக்கான மருந்து அது. 1962-ல் ஷின் என்பவர், அதைச் சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு ஈறுப்புண்ணும் ஆறிவிட்டதைப் பதிவு செய்தார். ஈறுப்புண் பாக்டீரியா செய்யும் வேலை. ஒட்டுண்ணி மருந்து பாக்டீரியாவையும் கொல்லும் என்று தெரிந்தது இப்படித்தான்.

ஆனால் எல்லா பாக்டீரியாவையும் அல்ல. மாத்திரை உடலுக்குள் போகும்போது ஆயுதமே இல்லாத ஆள் மாதிரி. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் கிருமிக்குள் நுழைந்தால்தான் அது வேதிமாற்றம் அடைந்து டிஎன்ஏ-வைச் சிதைக்கும். அமீபா, ஜியார்டியா, காற்றில்லா பாக்டீரியா இதில் சிக்கும். டைஃபாய்டு கிருமி, ஈ.கோலை சிக்காது. வைரஸ் பக்கம் கேட்கவே வேண்டாம். பெரியவர்களுக்கு வரும் திடீர் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி எந்த ஆன்டிபயாட்டிக்கும் இல்லாமல் தானாகவே நிற்கும், ஓஆர்எஸ் போதும். மலத்தில் ரத்தம், காய்ச்சல், கடும் சோர்வு இருந்தால் டாக்டரிடம் போங்கள்.

"ரெண்டும் சேர்ந்த மாத்திரைன்னா எதுவா இருந்தாலும் கேட்டுடுமே?" என்று தோன்றலாம். அமீபாவும் பாக்டீரியாவும் ஒரே நேரத்தில் தாக்குவது அபூர்வம். ஓஃப்ளாக்சசின்–ஆர்னிடசோல் கலவையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்காதவை பட்டியலில் வைத்திருக்கிறது. ஓஃப்ளாக்சசின் தசைநாரைப் பாதிக்கக்கூடிய வகையைச் சேர்ந்தது. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாது என்று அர்த்தம்.

டாக்டரே மெட்ரோனிடசோல் எழுதினால்? வாயில் உலோகச் சுவை வரும், சிறுநீர் கருக்கலாம், பயப்பட வேண்டாம். வார்ஃபரின் சாப்பிடுபவர் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரத்தக்கசிவு ஆபத்து கூடும். வீக்கெண்ட் பார்ட்டி? மதுவோடு சேர்ந்தால் வாந்தி வரும் என்பதற்கான ஆதாரம் பலவீனம் என இப்போது ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மாத்திரை முடிந்து இரண்டு, மூன்று நாள் கழியும்வரை வேண்டாம் என்றே மருந்துக் குறிப்பு சொல்கிறது. உறுதிசெய்யப்பட்ட அமீபா தொற்று என்றால் இதோடு முடியாது: குடலில் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்கு டைலோக்சனைடு போன்ற இரண்டாவது மருந்தும் தேவைப்படும், அதை எழுதினாரா என்று கேளுங்கள்.