வேலிகாத்தான் வந்த கதை

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சம்பந்தி ஒரு செய்தி அனுப்பியிருந்தார். சீமைக் கருவேலத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து தமிழ்நாட்டைப் பாழாக்கியவர் காமராஜர் என்று அதில் போட்டிருந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். படித்ததும் மனசு கேட்கவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

இந்த மரத்தின் பூர்வீகம் ஆஸ்திரேலியா இல்லை. மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகள். சென்னை மாகாணத்தில் வனத்துறை அதிகாரியாக இருந்த பெடோம் என்ற வெள்ளைக்காரர், வறண்ட நிலத்திலும் வளரும் இந்த மரம் விறகுக்கு ஆகும் என்று 1876-இல் அரசுக்கு எழுதினார். மறு வருஷம் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது. அப்போது நம் மாகாணத்தில் இருந்த கடப்பா மாவட்டத்தில் விதைத்தார்கள். காமராஜர் பிறந்தது 1903-இல், முதலமைச்சர் ஆனது 1954-இல். மரம் அவருக்கு மூத்தது! பிற்பாடு விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று வறண்ட மாவட்டங்களில் அரசு இதை ஊக்குவித்தது உண்மைதான். ஆனால் அதற்காகப் பழி முழுவதையும் அவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

கொண்டுவந்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொண்டுவரவில்லை. ஆடு மாடு மேயாத இலை, கூரான முள். வயலைச் சுற்றி வைத்தால் காவலுக்கு ஆள் வேண்டாம். அதனால்தான் நம் பக்கத்தில் ‘வேலிகாத்தான்’ என்று பெயர் வந்தது. ராமநாதபுரம் பக்கம் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது இதில் சுட்ட கரிதான். மயிலாப்பூரில் நம் வீட்டுக் குமுட்டி அடுப்பிலும், தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியிலும் அந்தக் கரி எரிந்திருக்கலாம்.

வினை எங்கே வந்தது? இலையைத் தொடாத ஆடு மாடு, இனிப்பான காயை ஆசையாகத் தின்னும். விதை செரிக்காமல் சாணத்தோடு போய் ஏரிக்கரை, ஆற்றங்கரை, தரிசு என்று எல்லா இடத்திலும் முளைக்கும். வேர் ஆழமாகப் போகும். மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். அது அடர்ந்த இடத்தில் வேறு செடி தலையெடுப்பது கஷ்டம். வேலி காக்க வந்தது கடைசியில் வயலையே எடுத்துக்கொண்டது.

2017-இல் வைகோ தொடர்ந்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்ற உத்தரவிட்டது. ஊர் ஊராக மாணவர்களும் பொதுமக்களும் அரிவாளோடு கிளம்பினார்கள். சில மாதங்களில் இடைக்காலத் தடையும் வந்தது. வெட்டியபின் அந்த இடத்தில் என்ன வைப்பது, கரியை நம்பிப் பிழைப்பவர்கள் என்ன செய்வது என்ற கேள்விகள் அப்படியே நின்றன.

நம் ஊரில் இந்த வேலையைப் பொறுமையாகச் செய்த உதாரணங்கள் உண்டு. அடையாறு கழிமுகத்து ஓரம் குப்பையும் முள்ளுமாகக் கிடந்த 58 ஏக்கரைச் சீர்செய்து, இந்த மண்ணுக்குரிய மரம் செடிகளை வைத்து, 2011-இல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். அது அரசு செய்தது. கோட்டூர்புரத்தில் ஆற்றங்கரையோரம் குப்பைமேடாக இருந்த இடத்தை மரப்பூங்காவாக மாற்றியது ‘நிழல்’ அமைப்பும், அதோடு சேர்ந்து உழைத்த தன்னார்வலர்களும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பேரனோடு நானும் இப்படி ஒரு களையெடுப்புக்குப் போயிருந்தேன். முள்ளைக் கண்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. ஒரு கன்றைப் பிடித்து இழுக்கப் போனபோது, கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் ஓடிவந்தாள். “சார், அதை விட்டுடுங்க. அது வன்னி” என்றாள். நவராத்திரி தவறாமல் வன்னி மரத்தைக் கும்பிட்டவன் நான். கன்றாக எதிரில் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. வேலிகாத்தானுக்கு வன்னி உறவுதான், ஆனால் இந்த நாட்டு மரம். வேலிகாத்தானில் இலைக்காம்பு கிளம்பும் இடத்தில் முள் ஜோடியாக இருக்கும். வன்னியில் தண்டு நெடுகச் சிதறிக் கிடக்கும். அவள் காட்டிக்கொடுத்தாள். எழுபது வயதில் கற்ற பாடம்.

வேரோடு எடுத்த குழிகளில் அன்று புன்னைக் கன்றுகள் வைத்தோம். கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம் அதுதானே! கடற்காற்றுக்கு அஞ்சாத மரம். ஆனால் வைத்ததோடு வேலை முடியவில்லை. அடுத்த மழைக்கு வேலிகாத்தான் மறுபடி முளைக்கும், மறுபடி ஆள் போகவேண்டும். இரண்டு மாதம் கழித்துப் போனபோது முதல் நாள் வந்த கூட்டத்தில் பாதிகூட இல்லை. அந்தப் பெண் இருந்தாள்.

சம்பந்திக்கு இதையெல்லாம் சுருக்கி எழுதி அனுப்பினேன். “அடுத்த ஞாயிறு நானும் வரேன்” என்று பதில் போட்டிருக்கிறார். வரட்டும். முதலில் வன்னியைக் காட்டிவிட்டு அப்புறம்தான் கையில் மண்வெட்டியைக் கொடுக்கப்போகிறேன்.